சுவரில் நிற்கும் டைனோசருக்கு எத்தனை விரல்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மழலையர் பள்ளிச் சுவர்களில் இப்போது டைனோசர் படம் நிறைய வந்துவிட்டது. ஓவிய ஆசிரியனாக எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் படங்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. டைரனோசரஸ் வாலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நட்டமாக நிற்கிறது. கையில் மூன்று விரல், சில சுவர்களில் நான்கு. உண்மையில் அதற்கு இரண்டே விரல். முதுகும் வாலும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க, வாலைத் தூக்கிச் சமன் செய்துகொண்டு நடந்த விலங்கு அது. அருங்காட்சியகங்கள்கூட நட்டமாக நிறுத்திய பழைய எலும்புக்கூடுகளைப் பிரித்து, 1990-களில் சரியாக மாட்டிவிட்டன.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "சின்னப் பிள்ளைகளுக்குத்தானே சார், யார் விரலை எண்ணப் போறாங்க?"

பிள்ளைகள்தான் எண்ணுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை டைனோசர் பெயரை நம்மைவிடச் சுத்தமாகச் சொல்லும். யானையைத் தப்பாக வரைந்தால் எங்காவது நேரில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த விலங்கை அந்தப் பிள்ளை பார்க்கப்போவது படத்தில் மட்டும்தான். அதனால்தான் அந்தப் படத்துக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்கிறேன்.

தப்பே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-ல் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி ஆளுயரத்துக்கு மேல் டைனோசர் சிலைகளைச் செய்து வைத்தார். டைனோசர் என்ற பெயரையே சூட்டிய ரிச்சர்ட் ஓவன்தான் அவருக்கு ஆலோசகர். அங்கே உள்ள இகுவானடான் என்ற டைனோசருக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு. கிடைத்திருந்த சில எலும்புகளை வைத்து அன்றைக்கு அவ்வளவுதான் ஊகிக்க முடிந்தது. 1878-ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் குவியலாக அகப்பட்ட பிறகுதான் தெரிந்தது, அந்தக் கொம்பு கட்டைவிரல் முள் என்று. அந்தச் சிலைகள் இன்னும் அதே பூங்காவில் நிற்கின்றன. எனக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை உண்டு. தெரிந்த அத்தனையையும் போட்டுச் செய்த வேலை அது. நம் சுவரில் உள்ள மூன்றாவது விரல் அப்படி வந்ததல்ல. கைபேசியில் முதலில் வந்த படம், அதுவும் இப்போது கணினியே தானாக உருவாக்கும் படம், யாரும் பார்க்காமல் அப்படியே சுவரேறிவிடுகிறது.

இதில் பெயிண்டரைக் குறை சொல்ல மாட்டேன். சதுர அடிக் கணக்கில் கூலி, இரண்டு நாளில் சுவர் முடிய வேண்டும். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணே, போன்ல காட்டுன படத்தக் கட்டம் போட்டு ஏத்துனேன். ரெண்டு வெரல்தான்னு யாராச்சும் சொல்லியிருந்தா எனக்கு வேலை மிச்சம்தானே?" சரியான பேச்சு. படம் கொடுக்கிறவர்கள்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

கணக்கும் அளவும் நம் ஊருக்குப் புதுசா? கானாடுகாத்தான் வீடுகளின் முகப்பில் சுதை வேலையைப் பாருங்கள். முக நீளத்தை அளவாக வைத்துத் தாளக் கணக்கில் உடம்பைப் பிரிக்கும் மரபில் வந்த கைகள் அவை. எந்தக் காட்டிலும் வாழாத யாளிக்கே நம் ஸ்தபதிகள் இலக்கணம் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே மண்ணில் நடந்த ஒரு உயிருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், கற்பனைக்கு இடமே இல்லையா என்று கேட்பார்கள். நிறைய இருக்கிறது. எலும்பு எங்கே பேசுகிறதோ அங்கே அது சொல்வதைக் கேட்க வேண்டும். அது பேசாத இடத்தில் ஓவியர் துணிந்து வரையலாம். வெலாசிராப்டர் என்ற சிறிய டைனோசரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த முடிச்சுகளை 2007-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே அதன் கையை வெறும் தோலாக வரைவது இனித் தப்பு. சைனோசரோப்டெரிக்ஸ் என்ற இன்னொரு சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்பு வளையங்கள் இருந்தன என்பதை, புதைபடிவத்தில் எஞ்சிய நிறமித் துகள்களை வைத்து 2010-ல் சொல்லிவிட்டார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் இறகு ஒட்டிவிடுவதும் சரியில்லை. டைரனோசரஸின் தோல் அச்சுகளை 2017-ல் வெளியிட்டபோது அவற்றில் செதில்தான் இருந்தது. அதன் பல்லை உதடு மூடியிருந்ததா என்பதில் 2023-ல் ஒரு ஆய்வு மூடியிருக்கும் என்றது. வாதம் இன்னும் ஓயவில்லை. அது என்ன நிறம், எப்படித் தூங்கியது, குஞ்சை எப்படிப் பார்த்துக்கொண்டது, இதெல்லாம் ஓவியரின் கையில். எந்நேரமும் வாயைப் பிளந்து கத்துவதாகவே வரையாமல், நிழலில் படுத்திருப்பதாக ஒரு படம் போடுங்களேன்.

இன்னொரு ஆதங்கம். நம் சுவர்களில் ஏன் எப்போதும் அமெரிக்க டைனோசர்கள்? குஜராத்தின் ராகியோலியில் கிடைத்த ராஜசாரஸ் 2003-ல் பெயர் பெற்றது, தலையில் சிறு கொம்புள்ள நல்ல கம்பீரமான வேட்டைவிலங்கு. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசாரஸ் நம் தமிழ் மண்ணுடையது. 1987-ல் அதை முதலில் விவரித்தபோது ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று கருத்து மாறியது. உலகிலேயே மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் கிடைத்ததே சில எலும்புகள்தான், அவையும் சிதைந்துபோய்விட்டன. கோட்டுப்படங்களும் சில பழைய புகைப்படங்களும் மட்டும் மிச்சம். இதை வரைகிறவர் தாராளமாக வரையட்டும், எனக்கு மிகவும் ஆசை. கீழே ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள்: "சில எலும்புகள் மட்டுமே கிடைத்தன, மற்றவை ஓவியரின் ஊகம்." பிள்ளைகளுக்கு அது புரியும். எந்த எலும்பு கிடைத்தது என்று அடுத்த கேள்வியும் கேட்பார்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சுவர் எழுதப்போகிற நண்பர்கள், பெயிண்டரிடம் கொடுப்பதற்கு முன் படத்தை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். விரல், வால், உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ராஜசாரஸ் வேண்டுமென்றால் கட்டம் போட்டே வரைந்து தருகிறேன், காசு வேண்டாம்.