பழசானா எல்லா ரெட் ஒயினும் நல்லாயிடாது
"பிரெஞ்சு ரெட் ஒயின் எதுவானாலும் வாங்கி வச்சா வருஷம் ஆக ஆக ருசி கூடும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, அது தப்புங்க. பெரும்பாலானது சில வருஷத்துக்குள்ள குடிக்கிறதுக்காகவே செய்றது, நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்ற போஜொலே நுவோங்கிற புது ஒயினெல்லாம் சில மாசத்துலயே காலி பண்ணிடணும். வச்சு குடிக்கிறதுன்னா பிரான்ஸ்ல போர்தோ பக்கம் பொய்யாக்ங்கிற ஊர்ல கேபர்னே சோவின்யோன்ங்கிற திராட்சை அதிகமா போட்டு செய்ற நல்ல ஒயின் மாதிரி இருக்கணும், இளசுல ஒரு வாய் குடிச்சா நாவப்பழம் தின்ன மாதிரி ஈறு நாக்கெல்லாம் இழுத்துப் பிடிக்கும், அதுக்குக் காரணமான டேனின்ங்கிற துவர்ப்புப் பொருள்தான் வருஷக்கணக்குல மெத்துனு ஆகுது. ஆனா வெறும் துவர்ப்ப நம்பி காசு போடாதீங்க, புளிப்பும் பழ ருசியும் கூடவே கெட்டியா இருக்கணும், முழுங்குன பிறகும் வாய்ல நிக்கணும், பழ ருசி இப்பவே மெலிஞ்சிருந்தா கடைசில துவர்ப்புதான் மிஞ்சும். வாங்குனா 12, 13 டிகிரில இருட்டுல, கார்க் காயாம படுக்க வைங்க, கிச்சன் அலமாரி சூட்டுல எவ்ளோ காஸ்ட்லி பாட்டிலும் வீணாப்போயிடும்.