முறைப்பாடு கொடுத்ததோடு முடிந்துவிடுவதில்லை

மேலே உள்ள பதிவில் ஒரு தம்பி, பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்த பிறகு பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சிதான், வழக்கு என்ன ஆனது என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறார். நிறையப் பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. ஆனால் இலங்கைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

குற்றங்களால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இலேயே தனிச் சட்டம் வந்தது. இப்போது அதன் இடத்தில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது, வழக்கு என்றைக்கு, சந்தேக நபர் பிணையில் வெளியே வந்துவிட்டாரா என்பதையெல்லாம் பாதிக்கப்பட்டவர் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விசாரணையைக் கெடுக்கும் என்றால் மட்டும் சில விபரங்களைச் சொல்லாமல் விடலாம்.

எங்கள் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓர் அக்கா, சங்கிலி பறிபோன முறைப்பாட்டின் இலக்கத்தைக் கொழுந்துச் செக்ரோல் (வேலைக் கணக்கு) தாளின் பின்பக்கம் எழுதி, மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மூன்று மாதம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அந்த இலக்கத்தைக் காட்டி பொலிஸில் எழுத்தில் கேட்டார், வழக்கின் தவணைத் திகதி கிடைத்தது. (நேரில் கேட்டபோது "பிறகு வாங்க"தான்.)

என்னை நம்ப வேண்டாம். பாராளுமன்ற இணையத்தளத்தில் சட்டங்கள் பகுதியில் ஆண்டையும் இலக்கத்தையும் போட்டுத் தேடுங்கள், தமிழிலும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகள் தொடக்கத்திலேயே வரும். வாசிக்கச் சிரமமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.