கோ-கோஸ் பேண்டை யாரும் உருவாக்கி விடல

அமெரிக்காவோட பொண்ணுங்க ராக் பேண்டு கோ-கோஸ் பத்தி நீங்க எழுதினதுல, "கோ-கோஸ் ஒரு கம்பெனி ஆள் புடிச்சு சேர்த்த பேண்டு, பொண்ணுங்களுக்குள்ள பொறாமை வந்து பிரிஞ்சிடுச்சு"ன்னு சொல்லியிருக்கீங்க, ரெண்டுமே தப்புங்க.

1978ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பங்க்னு சொல்ற முரட்டு ராக் இசைக் கூட்டத்தோட சுத்திக்கிட்டிருந்த பொண்ணுங்க தாங்களாவே ஆரம்பிச்சது அது, சரியா வாசிக்கத் தெரியாமலே மேடை ஏறி அங்கயே கத்துக்கிட்டாங்க. கேத்தி வேலன்டைன் கிட்டாரிஸ்ட், 1980 கடைசில பேண்டுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் வேணும்னதும் சில நாள்லயே பாட்டு மொத்தத்தையும் பேஸ்ல கத்துக்கிட்டு வந்து நின்னாங்க, இதெல்லாம் கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்தா வருமா? பெரிய லேபிள்ங்க, அதாவது பாட்டு வெளியிடுற கம்பெனிங்க, பொண்ணுங்க பேண்டுன்னு ஒதுக்கினப்ப ஐ.ஆர்.எஸ்.னு ஒரு சின்ன லேபிள்தான் எடுத்துச்சு. 1981ல வந்த முதல் ஆல்பம் அடுத்த வருஷம் அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் பட்டியல்ல 6 வாரம் முதலிடம். தானே எழுதி தானே வாசிச்ச பொண்ணுங்க பேண்டு அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

பிரிஞ்சதுக்கு முக்கியமான காரணம் காசு. பாட்டு எழுதினவங்களுக்கு ராயல்டி தனியா வரும், மத்தவங்களுக்கு அது கிடையாது, ஒரே மேடையில அஞ்சு பேரும் ஒரே அளவு வேர்வை சிந்திட்டு இறங்கினாலும் கைக்கு வர்ற தொகை வேற வேற. கூடவே போதைப் பழக்கம், ஓய்வில்லாத டூர். 1984ல பேண்டோட கிட்டாரிஸ்ட் ஜேன் வீட்லின் விலகினாங்க, 1985ல பேண்டே கலைஞ்சது. ஆம்பளைங்க பேண்டு இதே ராயல்டி சண்டையில உடைஞ்சா பணத்தகராறுன்னுதான சொல்றோம், இங்க மட்டும் ஏன் பொறாமை? அந்த வார்த்தைய தயவுசெஞ்சு எடுத்துடுங்க.