வேணாம் எண்டு சொல்ற ஆள்ட சொல்லுத்தான் போட்ல சட்டம்

பாய்க்கப்பல்ல ஊர் சுத்துற வெள்ளைக்காரப் புருசன் பொஞ்சாதிட யூடியூப் வீடியோக்கள் இருக்குதானே, அதுக்குக் கீழ நம்மட ஆக்கள் போடுற கமெண்ட்ஸப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். "குடுத்து வச்சவங்க", "இதுதாண்டா வாழ்க்கை". கடல்ல ரெண்டு பேர் தனிய நிக்கிறது எவ்வளவு ரொமான்ஸ் எண்டு மட்டக்களப்புல எங்கட பாலமீன்மடுவுக்கு வந்து கேளுங்க, விடிய விடிய சொல்லுவாங்க.

நான் அந்த வீடியோக்கள்ல பாக்கிறது வேற. காத்து கூடினா யார் முடிவெடுக்கிற? ஒராள் போவம், மற்றாள் வேணாம் எண்டா யார்ட சொல்லு நிக்குது? அதுலயே தெரிஞ்சுரும் இதுகள் எவ்வளவு காலம் கடல்ல ஓடும் எண்டு.

2022ல போட் என்ஜினுக்கு ஊத்துற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து ஒரே அடியா 340க்குப் போனது மறந்திருக்க மாட்டீங்க, அதுக்கு முதல் காசு குடுத்தாலும் எண்ணெய் இல்ல. அப்பதான் என்ட புருசன் எங்கட பைபர் போட்டுக்குக் கம்பு நட்டுப் பாய் கட்டினார். இவர் வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை ஆள், வயல் செஞ்சவர், என்னக் கட்டித்தான் கடலுக்கு வந்தவர். நான் வாவி கடல்ல விழுற முகத்துவாரத்தப் பாத்து வளந்தவள். பொம்பிள போட்ல ஏறலாமா எண்டு கதைக்கிற ஆக்களுக்கு இன்னொரு நாளைக்கு எழுதுறன்.

ஒரு முறை கச்சான் காத்து முடிஞ்சு வாடைக் காத்து தொடங்குற நேரம் வாகரையில இருந்து போட்ட வீட்டுக்குக் கொண்டு வாறம். கல்குடா மட்டும் சோக்கா வந்தம், மறுகா வடக்கால கறுத்துக்கிட்டு வந்து காத்து ஏறிட்டு. பின்காத்து நல்லம்தானே எண்டு கேப்பீங்க. சின்னப் போட்டுக்குப் பின்னால வாற அலைதான் பொல்லாதது, தூக்கிக்கிட்டுப் போய்ச் சறுக்க விட்டுப் பக்கவாட்டுல திருப்பிரும், அடுத்த அலையில கவிழ்ந்துரும். பாய இறக்கினம். அலை உச்சியில விசிறி தண்ணிய விட்டு மேல வந்து என்ஜின் கத்துது, அதையும் நிப்பாட்டித் தூக்கிட்டு, வலைக் கயிற வளையமாப் பின்னால இழுபட விட்டம், அது வேகத்தப் புடிச்சு வைக்கும். இவர் துடுப்பால திருப்ப, நான் வெட்டின எண்ணெய்க் கேனால தண்ணி அள்ளுறன், கேன்ட வெட்டு வாய் கையக் கிழிச்சு அதுல உப்புத்தண்ணி பட்டு எரியுது, நிப்பாட்டவும் ஏலா.

முகத்துவாரத்துக்கு முன்னுக்கு வரக்குள்ள பொழுது பட்டுட்டு. கரையில லைட் தெரியுது, போன்ல சிக்னலும் வந்துட்டு, மாமி எடுத்து "சோறு ஆறுது மகன், எங்க நிக்கிறீங்க" எண்டுறா. இவர் "பத்து நிமிசம் புள்ள, உள்ளுக்குப் போயிருவம்" எண்டார். நான் வேணாம் எண்டன். மழைக்கு வாவித் தண்ணி வெளியில பாயுது, எதிரால கடல் அடிக்குது, ரெண்டும் முட்டுற இடத்துல அலை செவரு மாதிரி எழும்பி உடையும், அடியில இருக்கிற மண்மேடும் இடம் மாறிக்கிட்டே இருக்கும். இருட்டுல எங்கால ஆழம் எண்டு யாருக்குத் தெரியும்?

திருகோணமலைய விட்டுத் தெற்கால வந்தா அவசரத்துக்கு ஒதுங்க நம்மட கரையில எத்தின இடம் இருக்கு சொல்லுங்க? வாழைச்சேனையில ஒதுங்கலாம், நாங்க அதைத் தாண்டிட்டம். ஒலுவில்ல 2013ல துறைமுகம் திறந்தாங்க, வாயில மண் அடைச்சுட்டு, பக்கத்து ஊர்க் கரையக் கடல் திண்டதுதான் மிச்சம்.

கிறுகி ஆழத்துக்குப் போய் வலைய முன்பக்கம் அணியத்துல கட்டி இறக்கி விட்டம். வலை இழுத்துப் புடிக்கும், போட் அலைக்கு முகம் குடுத்து நிக்கும். ஒராள் படுக்க ஒராள் முழிச்சிருந்தம். இவர் கோவத்துல ஒரு வார்த்தை கதைக்கல்ல, ஆனா என்ன மீறி உள்ளுக்கும் விடல்ல. வெள்ளாப்புல தண்ணி உள்ளுக்கு ஏறத் தொடங்கினாப் பொறகுதான் வந்தம்.

ரெண்டு பேர்ல ஓட்டெடுக்கவா ஏலும்? அதான் சட்டம் போட்டிருக்கம், பயப்படுற ஆள்ட சொல்லுத்தான் நிக்கும், ஏன் எண்டு கரையில வந்து சண்டை புடிக்கலாம். தைரியம் தைரியம் எண்டு கமெண்ட் போடுறீங்களே, பயந்த ஆளச் சிரிக்காம விடுறதுக்குத்தான் குடும்பத்துல கனக்கத் தைரியம் வேணும்.

இந்த முறை வாகரையில இருந்து போட்ட லொறியில ஏத்துவம், கடலால வேணாம் எண்டுறார் இவர். சட்டப்படி அவர்தான் வெண்டார். லொறிக் கூலி யார் குடுக்கிற எண்டு இன்னும் முடிவாகல்ல.