"ஏன்" என்று கேட்டால் பதில் வராது, நகல் கேளுங்கள்

கடலூரில் ஐப்பசி பிறந்தாலே கண் வாய்க்கால் பக்கம்தான் போகும். 2015 மழையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தெருமுனை வாய்க்காலைத் தூர்வாரியாச்சு என்றார்கள். போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கிறது. கோபத்தில் ஒரு ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதினேன். ஏன் தூர்வாரவில்லை, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினேன். 29-ஆவது நாள் ஒரே வரியில் பதில்: கேட்டது "தகவல்" என்ற வரையறைக்குள் வராதாம்.

கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் சட்டப்படி அவர்கள் சொன்னது சரி. அந்த 2005 சட்டம் ஃபைலில் இருப்பதைக் கொடுக்கச் சொல்கிறதே தவிர, உட்கார்ந்து விளக்கம் எழுதச் சொல்லவில்லை.

தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதித் தரும் பெரியவர்தான் வழி சொன்னார். "ஏன்னு கேக்காதீங்க தம்பி. எஸ்டிமேட் கேளுங்க, எம்-புக் கேளுங்க."

எம்-புக் என்றால் அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு ஆழம், எத்தனை கன மீட்டர் மண் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் பில் பாஸாகும். பொய் சொல்வதானாலும் அங்கே எண்ணில்தான் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது மனுவுக்கு 30 நாள் தாண்டியும் சத்தமில்லை. முதல் மேல்முறையீடு போட்டேன். அப்புறம் 14 பக்கம் வந்தது, கெடு தாண்டியதால் இலவசமாகவே. அளவுப் புத்தகத்தில் நீளம் 400 மீட்டர். நானும் பக்கத்து வீட்டு மாமாவும் டேப் பிடித்தோம். 260-இல் வாய்க்காலே முடிந்து வீட்டுச் சுவர் வந்துவிட்டது.

"எதுக்கு சார் உங்களுக்கு இதெல்லாம்?" என்று போன் வந்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று பிரிவு 6(2)-லேயே இருக்கிறது. ஆர்டிஐ போட்டுக் காசு பறிக்கிற ஆசாமிகள் உண்டு, மறுக்கவில்லை. அதற்காகக் கேட்கிறவனையெல்லாம் அப்படிப் பார்ப்பதா?

எனக்கு உண்மையான பயம் வேறு. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆர்டிஐ சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய பிரிவு 8(1)(j)-ஐ மாற்றி எழுதியது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அங்கே இருந்த வாசகம் போய்விட்டது. பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்கிற பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது, சரி. ஆனாலும் நாளைக்குக் காண்டிராக்டர் பெயரில் கறுப்பு மை பூசிக் கொடுத்தால், அதற்கும் மேல்முறையீடு என்று அலைய வேண்டும். எங்களுக்காவது இரண்டாம் மேல்முறையீடு சென்னைக்கு. பாகூர் மச்சானுக்குப் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அது டெல்லிக்குப் போகிறது.

மூன்றாவது மனு நேற்றுப் போட்டேன். அதில் கேள்வியே கிடையாது. ஃபைலை நேரில் பார்க்க வேண்டும், தேதி கொடுங்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மாமா தானும் வருகிறேன் என்கிறார், டேப்போடு.