அந்த 20 சென்ட் யாருக்குப் போகிறது?

ஆத்தங்குடியில் பூக்கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு நான்தான் வெப்சைட் பார்த்துக்கொள்கிறேன். டாட் காம் பெயரைப் புதுப்பித்த பில்லோடு போனபோது, கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு பில்லை வாங்கியவர், கடைசி வரியில் விரலை வைத்தார். “ஐகான் கட்டணம் 20 சென்ட்டுன்னு போட்டிருக்கே, இது யாருக்குத் தம்பி?”

“மகமைண்ணே” என்றேன். செட்டிநாட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொரு வியாபாரத்திலும் பொதுக்காரியத்துக்கென்று சிறு தொகையை எடுத்துவைத்துத்தான் கோயிலும் சத்திரமும் நடந்தன.

ஐகானும் அப்படித்தான் நடக்கிறது. உலகம் முழுக்க இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் இந்த லாப நோக்கற்ற அமைப்பு 1998-ல் அமெரிக்காவில் தொடங்கியது. டாட் காம் போன்ற பெயர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 18 சென்ட் வாங்கிவந்தது, 2025 ஜூலையில் 20 ஆக்கியது. நம் காசில் பதினேழு பதினெட்டு ரூபாய். டாட் காமை நடத்தும் வெரிசைன் கம்பெனி 2024 செப்டம்பரில் தன் மொத்த விற்பனை விலையை ஆண்டுக்கு 10.26 டாலராக ஏற்றியதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்வதில்தான் ஐகானின் செலவில் ஒரு பெரிய பங்கு ஓடுகிறது.

இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே அரசாங்கமோ ஒரே பணக்காரக் கம்பெனியோ படியளந்தால், அவர்கள் சொன்னதுதான் சட்டமாகிவிடும்.

என் ஆதங்கம் வேறு. புள்ளிக்கு, அதாவது கல்யாணமான குடும்பம் ஒன்றுக்கு, இவ்வளவு என்று வரி வாங்கும் நகரத்தார் கோயிலில், வரி கட்டிய புள்ளி எழுந்து கணக்குக் கேட்கலாம். இங்கே? அந்தக் கட்டணத்துக்கு ஒப்புதல் தரவேண்டியவர்கள் பெயர் விற்கும் ரெஜிஸ்ட்ரார் கம்பெனிகள். மொத்தக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு கட்டுகிறவர்கள் சரி என்றால் போதும். ஆனால் அவர்கள் கட்டுவது நம்மிடம் வாங்கிய காசு. பூக்கல் அண்ணனுக்கு அதில் ஓட்டு கிடையாது.

வசூலிக்கப்படுகிறவரின் சம்மதம் சின்ன விஷயமில்லை. 1995-ல் அமெரிக்காவில் பெயருக்கு ஆண்டுக்கு 50 டாலர் என்று முதன்முதலாக வாங்க ஆரம்பித்தபோது, அதில் 15 டாலரை இணைய வளர்ச்சி நிதி என்று ஒதுக்கினார்கள். பெயர் வாங்கியவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். நாடாளுமன்றம் அனுமதிக்காத வரி அது என்று 1998-ல் நீதிபதி சொன்னார். அப்புறம் அந்த நாடாளுமன்றமே சட்டம் போட்டுத்தான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஐகான் பட்ஜெட்டை ஒளித்துவைப்பதில்லை, வெளியிட்டுக் கருத்தும் கேட்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே காரைக்குடியில் பெயர் வாங்கும் யாருக்குத் தெரியும்? .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முகவரி வைக்க முடிகிறபோது, காசு கட்டுகிறவருக்குக் கணக்கையும் தமிழில் தரலாம். கட்டணத்தை ஏற்றும்போது ரெஜிஸ்ட்ரார்களோடு பெயர் வைத்திருப்பவர்களின் ஒப்புதலையும் கேட்க வேண்டும்.

என் கைக்கு எட்டியதை நான் தொடங்கிவிட்டேன். இனி நான் தரும் பில்லில் அந்த வரி தமிழில் இருக்கும்: “ஐகான் மகமை, ஆண்டுக்கு 20 சென்ட்.” கீழேயே பட்ஜெட் இருக்கும் இடத்துக்கு இணைப்பும் கொடுக்கிறேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் எழுதி நானே அனுப்பித் தருகிறேன்.