அறைந்தவரிடம் கேட்க ஒரு கேள்விகூட இல்லையா?

அறுப்பின் பண்டிகைக் கணக்குக் கூட்டத்தில் நடந்தது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். எந்தச் சபை, யார் யார் என்று எழுத மாட்டேன். கமெண்டிலும் யாரும் பெயர் போட வேண்டாம். காணிக்கையாக வந்த கேரட் மூட்டையும் கோழியும் ஏலம் போன பணத்துக்கு ரசீது புத்தகம் எங்கே என்று கேட்ட தம்பிக்குக் கன்னத்தில் அறை விழுந்தது. பெண்களும் சண்டே ஸ்கூல் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருவரையும் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கைகுலுக்க வைத்து, போட்டோ எடுத்து, "சமாதானம்பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்" என்று குரூப்பில் போட்டாயிற்று. இது எப்படிச் சமாதானமாகும் என்று கேட்டதிலிருந்து எனக்குத்தான் பேச்சு. சமாதானத்தைக் கெடுக்கிற ஆளாம் நான்.

கோபத்தில் கை நீளுவது எங்கேயும் நடக்கிறதுதான். அடுத்த நிமிடம் பெரியவர்கள் நாலு பேர் அடிபட்டவரைச் சூழ்ந்துகொண்டு, "விடு தம்பி, மறு கன்னத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார் ஆண்டவர்" என்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடித்தவரிடம் போய் ஒருவராவது "ஏண்ணே அடிச்சீங்க?" என்று கேட்கவில்லை. அந்த வசனம் இருக்கிற மலைப்பிரசங்கம் அடிவாங்கினவனுக்கு மட்டும் அருளப்பட்டதா?

ஆண்டவரே அறை வாங்கினார். விசாரணைக்காக முன்னாள் பிரதான ஆசாரியன் அன்னாவின் முன்னால் நின்றபோது பக்கத்தில் இருந்த சேவகன் ஒருவன் அறைந்தான். யோவான் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அவர் திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. நான் தகாதவிதமாய்ப் பேசியிருந்தால் தகாததைக் காட்டு, தகுதியாய்ப் பேசியிருந்தால் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். கை ஓங்காமல், தலை குனியாமல், அடித்தவனைப் பார்த்து ஒரு கேள்வி. கிறிஸ்தவ அகிம்சை என்று நான் சொல்வது இதைத்தான். சும்மா இருப்பது அகிம்சை ஆகாது. அது ஒரு வேலை. செய்ய வேண்டிய முறைப்படி செய்ய வேண்டிய வேலை.

முறையை அவரே கொடுத்திருக்கிறார், மத்தேயு 18-இல். முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வாட்ஸ்அப் குரூப், அப்புறம் சொந்தக்காரர்கள், கடைசியில் என்றைக்காவது ஒரு கல்யாண வீட்டில் முகத்துக்கு நேர்.

தனியாகப் போகிறபோது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நடந்த அன்று ராத்திரி போகாதீர்கள், ஒரு வாரத்துக்கு மேல் தள்ளவும் தள்ளாதீர்கள். தள்ளினால் கதை வளர்ந்துவிடும். வீட்டில் வேண்டாம், மனைவி மக்கள் முன்னால் எந்த மனுஷனும் இறங்கிவர மாட்டான். எஸ்டேட் ரோட்டில் சேர்ந்து நடந்துகொண்டே பேசுங்கள். முகத்துக்கு முகம் உட்காருவதைவிடப் பக்கத்தில் நடப்பது லேசு, நடுவில் மௌனம் வந்தாலும் உறுத்தாது. ஒரே ஒரு விஷயத்தைப் பேசுங்கள். 2009-இல் உங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. "நீ என்னை அவமானப்படுத்த நினைச்சே" என்று அவன் மனசுக்குள் போகாதீர்கள். "எல்லார் முன்னாலும் என்னைத் திருடன்னு சொன்னே" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். முதலாவதற்கு அவன் மறுப்புச் சொல்வான், இரண்டாவதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் படியில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. கூட்டிக்கொண்டு போகிற இருவர் யார்? உறவு கூடாது. சீட்டுப் பணம், கடன், பச்சைத் தேயிலை வாங்குகிற விற்கிற சம்பந்தம் கூடாது. கமிட்டித் தேர்தலில் நிற்கிறவர் கூடவே கூடாது. ஒருவராவது எதிராளி மதிக்கிற ஆளாக இருக்க வேண்டும். உட்கார்ந்ததும் ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும், மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. பிறகு மற்றவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், முதலாமவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்கிற வரைக்கும். இதற்கே சில நேரம் ஒரு மணி ஆகும், ஆகட்டும். ஜெபத்தோடு தொடங்கலாம், ஆனால் ஜெபத்துக்குள் எதிராளியைக் குத்திக்காட்டுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதற்கு ஒரே வழி ஜெபத்தை மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிடுவதுதான். முடிவு வந்தால் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யார், என்ன, எந்தத் தேதிக்குள். சத்தமாக வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி உட்காருகிற தேதியையும் அதிலேயே போடுங்கள். அந்தத் தேதி இல்லாத ஒப்பந்தம் பெரும்பாலும் காகிதமாகவே நின்றுவிடும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தகராறு. மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, நடுவில் ஊற்றுத் தண்ணீர் ஓஸ். மேல்வீட்டுக்காரர் ஓஸைக் கத்தியால் அறுத்தார் என்று கீழ்வீட்டுக்காரர் அரிவாளோடு போய் நின்றார். இரண்டு குடும்பமும் ஒரே சபை. ஆயர் வந்து ஜெபித்தார், இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், அடுத்த கோடையில் ஓஸ் மறுபடியும் அறுந்தது. காரணத்தை அப்புறம்தான் பார்த்தார்கள். ஒரே குழாயில் T வடிவ ஜாயிண்ட் போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். அப்படிப் பிரித்தால், ஊற்று குறைகிற மாதங்களில் தாழ்ந்த வீட்டுக்குத்தான் தண்ணீர் இழுக்கும், மேல்வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். யார் மனசிலும் வஞ்சகம் இல்லாமலே திருட்டுப் பட்டம் விழுந்துவிட்டது. ஊற்றுக்குக் கீழே, இரண்டு வீட்டுக்கும் மேலே, ஒரு சின்னப் பிரிப்புத் தொட்டி கட்டி, ஒரே அளவுள்ள இரண்டு குழாயை ரசமட்டம் வைத்துப் பார்த்து ஒரே உயரத்தில் பொருத்தினார்கள். வருகிற தண்ணீர் எவ்வளவானாலும் ஆளுக்குப் பாதி. இலை அடைத்தால் ஒரு பக்கம் நின்றுவிடும், அதனால் வாயில் வலை போட்டு, வாரம் ஒருவர் சுத்தம் செய்ய வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று. கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடித்தது பொய் என்று சொல்லவில்லை. அநியாயம் குழாயில் இருக்கும்போது கட்டிப்பிடிப்பு எத்தனை நாள் தாங்கும்?

இங்கே ரசீது புத்தகம்தான் அந்தக் குழாய்.

அன்றைக்கு ஹாலில் சண்டையை விலக்கிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். அறை விழுந்ததும் இரண்டு பேர் தம்பியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பின்னாலிருந்து பிடிபட்டவன் தன்னைத் தாக்குகிறார்கள் என்றுதான் நினைப்பான், திமிறுவான். கையும் கட்டுப்பட்டுப் போவதால் அடுத்த அடியைத் தடுக்கவும் முடியாது. விலக்குகிறவர் பக்கவாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, உள்ளங்கை தெரிய இரண்டு கையையும் நெஞ்சு உயரத்தில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குரல் தாழ்ந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் மறிக்கக் கூடாது, வெளியே போக வழி இல்லாதவன்தான் பாய்வான். அவரவர் நண்பர் அவரவரை வெளியே கூட்டிப்போக, மூன்றாவது ஆள் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைக் கலைக்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சி மாதிரி இதை வாலிபர் கூட்டத்தில் ஒரு சனிக்கிழமை நின்று பழகலாமே. பாட்டுப் போட்டிக்கு நேரம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

இனி எனக்கு வந்த பதில்கள். "ஆண்டவரே சவுக்கு எடுத்தாரே" என்கிறார்கள். எடுத்தார். ஆடுமாடுகளைத் துரத்தினார், காசுக்காரர் பலகைகளைக் கவிழ்த்தார். ஒரு மனுஷனை அடித்தார் என்று எங்கே எழுதியிருக்கிறது? அதோடு அவர் கோபப்பட்டது ஆலயத்துக்குள் நடந்த பண விவகாரத்துக்காக என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"சபை வழக்கை வெளியே கொண்டு போகாதே, 1 கொரிந்தியர் 6" என்பது கனமான பதில், ஒத்துக்கொள்கிறேன். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாதா என்று அதை எழுதிய பவுல் கேட்கத்தான் செய்கிறார். அதற்கு முன்னாலேயே, வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று வெட்கப்படுத்துகிறார். முதலில் அந்த விவேகியைக் காட்டுங்கள். அதே பவுல் பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடிபட்டுச் சிறையில் கிடந்தார். மறுநாள் ரகசியமாய்ப் போய்விடுங்கள் என்று அதிகாரிகள் சொல்லியனுப்பியபோது அவர் கிளம்பவில்லை. வெளியரங்கமாய் அடித்தீர்கள், இப்போது ரகசியமாய் அனுப்புகிறீர்களா, நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அப்போஸ்தலர் 16. வந்தார்கள், கேட்டுக்கொண்டார்கள். பகையில்லாமல், பழிவாங்காமல், தப்பை மூடிவைக்காமல். போலீஸுக்குப் போவதுதான் ஒரே வழி என்று நான் சொல்லவே இல்லை. போனாலும் அது பாவம் இல்லை. சாதாரணக் காயத்துக்கான, பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 115(2) பிரிவு வழக்கை அடிபட்டவரே பின்னால் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்குள் அடிவாங்குகிற பெண்ணிடம் மட்டும் மத்தேயு 18-ஐ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே தனியாகப் போய்ப் பேசு என்பது கொலைக்கு அனுப்புவது. பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள்.

அடுத்தது, "வெலிங்டன் ராணுவ முகாமையும் அருவங்காட்டு வெடிமருந்து (கார்டைட்) ஃபேக்டரியையும் வைத்துக்கொண்டு நீங்கள் அகிம்சை பேசலாமா, எங்கள் பிள்ளைகள் யூனிஃபார்மில் இருக்கிறார்கள்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, வலித்தது. உங்கள் மகன் மேல் எனக்கு ஒரு கசப்பும் இல்லை. நம் சபைகளில் பட்டாளத்து வீடும், கார்டைட் ஃபேக்டரிச் சம்பளத்தில் படித்த பிள்ளைகளும் இல்லாத வரிசை ஏது? யோவான்ஸ்நானன்கூடப் போர்ச்சேவகரிடம் வேலையை விடச் சொல்லவில்லை, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். அவர் அவ்வளவில் நிறுத்தினார், ஆண்டவர் பேதுருவிடம் பட்டயத்தை, அதாவது வாளை, உறையில் போடச் சொன்னார் என்பது என் விசுவாசம். மதராஸ் ரெஜிமெண்டின் "அடி கொல்லு, அடி கொல்லு" முழக்கத்தைப் பெருமையோடு சொல்லி வளர்கிற ஊரில் நின்றுகொண்டு என்னால் அதை லேசாகச் சொல்ல முடியாது. ஆனால் பட்டாளத்தில்கூட ஒருவன் இன்னொருவனை அறைந்தால் விசாரணை உண்டு. நம் சபையில் அதுவும் இல்லை என்பதுதானே என் வழக்கு?

அகிம்சை வெளிநாட்டுச் சரக்கு என்கிறவர்களுக்கு: 1928-இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் என்ற, போரை மறுக்கிற குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அம்மா பின்னாளில் வாழ்ந்தது இதே கோத்தகிரியில். 1964-இல் நாகாலாந்தில் போர்நிறுத்தம் வந்தபோது, அங்கே போய் அமைதிப் பார்வையாளர் குழுவில் சில வருஷம் வேலை செய்தவர். குவேக்கர்களுக்கும் முன்னால், 1527-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்ற கிறிஸ்தவர்கள்) ஏழு பிரிவுகளில் தங்கள் விசுவாசத்தை எழுதினார்கள். பட்டயம் எடுக்க மாட்டோம் என்பது அதில் ஆறாவது. தப்பு செய்த சகோதரனை இரண்டு முறை தனியாகவும் மூன்றாம் முறை சபைக்கு முன்னாலும் கண்டிக்க வேண்டும், அதுவும் அப்பம் பிட்குமுன், அதாவது திருவிருந்துக்கு முன், செய்ய வேண்டும் என்பது இரண்டாவது. அதை எழுதிய மைக்கேல் சாட்லர் அதே வருஷம் கொல்லப்பட்டார். சபைக்குள் தப்பைத் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் உலகத்திடம் பட்டயம் எடுக்க மாட்டேன் என்றார்கள். நாம் முதலாவதைச் செய்யாமல் கன்னத்தை மட்டும் கேட்கிறோம், அதுவும் அடுத்தவன் கன்னத்தை.

அந்தப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டு போயிருப்பார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? கணக்குக் கேட்டால் அடி விழும், பெரியவர் அடித்தால் வசனம் காப்பாற்றும், அடிவாங்கினவன் போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். பதினைந்து பேர் இருக்கிற வகுப்பில் ஒரு சிறுமியாவது வீட்டில் இதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் நாம் ஞாயிற்றுக்கிழமை எந்த வசனத்தை மனப்பாடம் பண்ணச் சொல்வது?

அடுத்த திருவிருந்துக்கு முன்னால் இது நடக்க வேண்டும். குரூப்பில் இருக்கிற போட்டோவை எடுத்துவிட வேண்டும். அறைந்தவர் ஹாலில் செய்ததற்கு ஹாலிலேயே, "யாருக்காவது வருத்தம் இருந்தால்" என்று சுற்றி வளைக்காமல், "நான் அடித்தேன், அது தப்பு" என்று சொல்ல வேண்டும், அந்தத் தம்பி அதற்குச் சம்மதித்தால் மட்டும். மன்னிப்பது அவர் இஷ்டம், அவரை நெருக்கக் கூடாது. உட்கார்ந்து பேச வைக்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வேண்டும். இரண்டு தரப்புக்கும் உறவில்லாதவராக, கமிட்டிக்கு நிற்காதவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக. முன்வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிய வேண்டும்.